ஒன்பது பவுண்டு கழிவு

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் இருமல் குறைந்ததா? தோல் மண்டிக்குப் போகிறீர்களா? அம்மா சுகமா?

நேற்று இங்கே ஒரு வேடிக்கை. வில்வித்தை அணித் தேர்வுக்கு முன் கோச் எல்லோருடைய வில்லையும் கொக்கித் தராசில் மாட்டி, நாணை இழுக்க எத்தனை பவுண்டு ஆகிறது என்று அளந்தார். என் வில் ஐம்பது காட்ட வேண்டும், நாற்பத்தொன்று காட்டியது. தராசு கெட்டுவிட்டதென்று நினைத்து வேறொரு வில்லை மாட்டினார். தராசு சரியாகத்தான் இருந்தது.

இரண்டு மாதமாக எனக்குத் தோள்வலி. உங்களிடம் சொல்லவில்லை. வில்லின் மேலும் கீழும் உள்ள போல்ட்டுகளை ஒரே அளவாகத் தளர்த்தினால் நாண் இலேசாகும். உப்புப் போட்டு வரும் தோலின் எடையில் நீங்கள் உப்புக்கென்று கழிப்பதுபோல, நானும் வலிக்கென்று தினமும் கொஞ்சம் கழித்தே வந்திருக்கிறேன்.

கோச் போல்ட் இரண்டையும் முறுக்கி ஐம்பதாக்கிக் கொடுத்தார். பாதிகூட இழுக்க முடியவில்லை. "ஏனுங்க அம்மிணி, காலைல சாப்பிடலீங்களா?" என்றாள் அறைத்தோழி, பழனிக்காரி கீர்த்தனா. எல்லோரும் சிரித்தார்கள், நானும். பட்டியலில் என் பெயர் இல்லை. அப்போதிலிருந்து புத்தகத்தை எடுத்தால்கூடப் பக்கம் நகரவில்லை.

வலித்தைலம் ஒரு பாட்டில் அனுப்புங்கள். ஒத்தடத்துக்கு உங்கள் பழைய கைலி ஒன்றும்.

ரயிலேற்றும்போது, "ஏலலைன்னா வந்துரு புள்ள, வெக்கப்படாத" என்றீர்கள். அன்று எனக்குக் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் அதை இன்னொரு தடவை சொல்லுங்கள். நானாகக் கேட்க வாய் வரவில்லை.

மெஸ் மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்,
ரிஸ்வானா