நான் வெட்டிய கடைசி வரி

இபாரா, அபெயோகுட்டா
செப்டம்பர் 17

அன்பு மகள் மொரெனிகேவுக்கு,

அப்பா எழுதுவது. லீட்ஸில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் தங்கை எபுனும் இருக்கிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும், பொய் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, அதை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். மூன்று வாரமாக நீ போனை எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. உட்கார்ந்து நிதானமாகப் படி. நைட் டியூட்டிக்குக் கிளம்பும்போது படிக்காதே.

முதலில் அவளைப் பற்றிச் சொல்கிறேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள், அவள் போகவில்லை. வலது கை மடியில் கிடக்கிறது, நாம் எடுத்து வைத்தால்தான் நகரும். வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறாள், கதவிலிருந்து கிணறு வரைக்கும் வந்துவிடுகிறாள். வாய் கோணியது பாதி சரியாகிவிட்டது, பேச்சுதான் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி வருகிறது. காலையில் என் முன்னால் மண்டியிட்டு வணக்கம் சொல்வதை மட்டும் விடமாட்டேன் என்கிறாள், வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை, பாதி மண்டியிட்டுப் பக்கவாட்டில் சாய்கிறாள், நான் ஓடிப் பிடிக்கிறேன். பிசியோதெரபி அம்மா வாரம் இரண்டு நாள் வருகிறார், சின்ன வயது, கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்கிறார், எவ்வளவு வரும் என்று கேட்டால் பையை மூட ஆரம்பித்துவிடுகிறார். பக்கத்து வீட்டு ரிஸிக்காட் தினமும் வந்து உட்காருகிறாள். இருவரும் டென்டென் ஆடின ஆட்டத்தில் நம் வாசல் சிமெண்ட்டே தேய்ந்து போயிருக்கும், இப்போது ரிஸிக்காட் மட்டும் கையைத் தட்டித் தட்டிக் குதிக்கிறாள், இவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் உள்ளே போய்விடுவேன்.

இனி அந்த அட்டவணை. எபுனின் விடுமுறைக்கென்று நீ கைப்பட நான்கு வண்ண மையில் வரைந்து, ஊருக்கு வந்த உங்கள் சர்ச்காரரிடம் கொடுத்தனுப்பினாயே, அதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருடம் வரைபடம் போட்டவன் பெண் கோடு இழுத்தால் இப்படித்தான் இருக்கும் என்று எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை சம்மர் லெசன் வகுப்பு, புதன் மத்தியானமும் சனி முழுக்கவும் 'எபுன் இஷ்டம்' என்று பச்சையில் எழுதியிருந்தாய். அந்தப் பச்சை எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன்னை நான் அப்படியா வளர்த்தேன், உன் விடுமுறை ஒவ்வொன்றையும் கணக்கு, ஆங்கிலம், தையல் என்று நிரப்பினேன், அதனால்தான் நீ இன்று நர்ஸ் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். உன் அம்மா இருந்தவரை, "அந்தப் பிள்ளைய கொஞ்சம் சும்மாதான் விடுங்களேன்" என்பாள். அவள் போனபின் அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

தாளின் கடைசியில் சிவப்பில் ஒரு வரி எழுதியிருந்தாய். ஆமாம், எழுதியிருந்தாய். லாமினேஷன் போட நான் கடைக்கு எடுத்துப் போனபோது கடைக்கார அம்மாள், "தாளு நீட்டமா இருக்கே பாபா, கீழ மடிச்சுப் போட்டுடவா?" என்று கேட்டாள். மடித்தால் அசிங்கமாக இருக்கும் என்றேன். அவளுடைய இரும்பு ஸ்கேலை வாங்கி வைத்து, பிளேடால் நானே வெட்டினேன். இடம் போதாமல் வெட்டினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது உண்மையில்லை. ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் இந்த ஊரில் மழை இல்லாத நாள் ஏது, இந்த வரி பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தால் அவள் ஒரு நாள்கூடப் போகமாட்டாள் என்று நினைத்துத்தான் வெட்டினேன். வெட்டிய துண்டைத் தூக்கி எறிய மனம் வரவில்லை, உன் கையெழுத்தாயிற்றே, சர்ச் பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நின்று பாடினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விடியும்போதே மழை. எபுன் எழுந்து வந்து, "அப்பா, கால் வலிக்குதுப்பா, உள்ள எலும்பு வலிக்குது" என்றாள். போன வாரமும் இதையே சொல்லி வீட்டில் இருந்தவள், பதினொரு மணிக்கு வாசலில் ரிஸிக்காட்டோடு குதித்துக்கொண்டிருந்தாள், அதை நான் மனதில் வைத்திருந்தேன். கையைப் பிடித்து பிரிட்ஜ் முன்னால் நிறுத்தினேன். "அக்கா போட்டது இது. கால் வலிச்சா லீவுன்னு எங்க எழுதியிருக்கு, காட்டு பாப்போம்" என்றேன். மொரெனிகே, அவள் உண்மையாகவே தேடினாள். விரலை வைத்து முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "இல்லப்பா" என்றாள். பிறகு போய் உடுத்திக்கொண்டாள். லெசன்காரர்கள் கொடுத்த மஞ்சள் பனியன், சூரியன் படம் போட்டது, அரைக்கை. அந்தப் படம் மறையக்கூடாது, மேலே ஸ்வெட்டர் போடக்கூடாது என்பது அவர்கள் சட்டம். இங்கே எல்லாரும் சம்மர் சம்மர் என்கிறோம், வருடத்திலேயே குளிர்ந்த மாதம் ஆகஸ்ட் என்று யாருக்கும் உறைப்பதில்லை. அவள்தான் ஒருநாள், "சம்மர்னா மழைக்கு இங்கிலீஷ் பேராப்பா?" என்று கேட்டாள், நான் சிரித்தேன். சிக்கிள் செல் பிள்ளைக்குக் குளிர் ஆகாது, ரத்தம் அடைத்துக்கொள்ளும் என்று அவள் பிறந்த நாளிலிருந்து டாக்டர்கள் எனக்குச் சொன்னதை, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைப்பது போல அன்று கழற்றி வைத்துவிட்டேன். குடையைக் கொடுத்து அனுப்பினேன். பத்தரை மணிக்கு வாத்தியார் ஒருவர் மோட்டார் பைக்கில் அவளை மடியில் வைத்துக் கொண்டுவந்தார், பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது, என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள், சொல்லாக வரவில்லை.

பக்கவாதம் என்று டாக்டர் சொன்னதும் ஆஸ்பத்திரியிலிருந்து உனக்குப் பேசியபோது நீ முதலில் கேட்டதே, "கடைசி வரிய நீங்க பாக்கலியாப்பா?" என்பதுதான். எந்த வரி, அப்படி ஒன்றும் இல்லையே என்றேன். நீ, "எழுதினேன்னு நெனச்சுட்டே இருந்துட்டேன் போல, எழுதல போல, என் டைம்டேபிள்தான்ப்பா அவள இப்படி ஆக்கிடுச்சு" என்று அழுதாய். நான் மறுக்கவில்லை. பெற்ற மகள் தன் தலையில் தானே பழியைப் போட்டுக்கொண்டு அழுவதைப் போனில் கேட்டுக்கொண்டு நின்றேன், மனதின் ஒரு மூலையில் நிம்மதியாகக்கூட இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதத்தான் வேண்டும்.

நீ எழுதினாய் அம்மா. ஒரு தவறும் நீ செய்யவில்லை. அந்தத் துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள், மேல்விளிம்பு எவ்வளவு நேராக இருக்கிறது பார். "மழை பெய்தாலோ கால் வலித்தாலோ அன்று லெசன் வேண்டாம். அவள் சொன்னால் போதும், கேள்வி கேட்கக் கூடாது."

உனக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. நீ கூப்பிடாததற்கு அவள் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அட்டவணையில் போகாத நாட்களை இடது கையால் எண்ணுகிறாள், பதினேழு கட்டம். நேற்றும், "அக்கா... கோவமா... லெசன் போகல" என்றாள். லீட்ஸில் லைன் கிடைக்கவில்லையாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், இதுவும் பொய்தான். என்மேல் கோபப்பட உனக்கு ஆயுள் முழுக்க நேரம் இருக்கிறது, என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. அவளைக் கூப்பிடு. அந்தக் கடைசி வரியை நீயே உன் வாயால் அவளுக்குப் படித்துக் காட்டு. நான் படித்தால் நம்பமாட்டாள், தாளில் இல்லை என்று விரல் வைத்துப் பார்த்தவள் அவள்.

குளிர் தொடங்குமுன் கம்பளிச் சட்டை எடுத்து வைத்துக்கொள், வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. கடவுள் உன் போக்கையும் வரவையும் காப்பாராக, உன் கை தொட்ட நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனை அவள் இடது கைப்பக்கம் வைத்துவிட்டு நான் வெளியே போய்விடுகிறேன், தினமும்.

உன் அப்பா,
சோதெய்ந்தே