அருவியில தண்ணி விழுதா?

ஹெல்சிங்கி
மாசி 12

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

வெப்சைட் கட்ட உதவும் ஒரு ஃபிரேம்வொர்க்கை நாங்கள் சிலர் சேர்ந்து எழுதி, உலகத்துக்கே இலவசமாகத் திறந்து வைத்திருந்தோம் அல்லவா? அதைக் கற்றுக்கொடுக்க நான் எழுதிய முதல் பாடம் நீங்கள்தான். குற்றாலத்தில் நீங்கள் வேலை பார்க்கும் லாட்ஜுக்கு நாள் முழுக்க போன் வருமே, "அண்ணாச்சி, அருவியில தண்ணி விழுதா?" என்று. நீங்கள் மொட்டைமாடி ஏறிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வீர்கள். படிக்க வந்த எந்த நாட்டுக்காரரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பக்கத்தைத்தான் முதலில் எழுதிப் பழகினார்.

இப்போது யாரும் வருவதில்லை. கூட இருந்தவர்களும் ஒவ்வொருவராக விலகிவிட்டார்கள். போன வாரம் நானே அதைப் பூட்டினேன். இனி வாசிக்கலாம், ஓர் எழுத்தும் மாற்ற முடியாது. அதை நம்பியிருந்த என் வேலையும் போனது. பெரிய விஷயமில்லை, வேறு தேடுகிறேன்.

நல்லமிளகு கொஞ்சம் அனுப்புங்கள். இன்னொன்றும் வேண்டும்.

"விழலைன்னு ஏன்வே சொல்லுதீரு? ஆளு வராதுல்லா" என்று முதலாளி ஏசியபோதும் நீங்கள் பொய் சொன்னதில்லை. எனக்காகச் சொல்லுங்கள். தினமும் காலையில் போன் போட்டு, "தண்ணி விழுது தாயி" என்று மட்டும் சொன்னால் போதும். இந்த மாசத்தில் அருவி வற்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் மாடி ஏற வேண்டாம்.

தபால் ஆபீஸை மூடும் நேரமாகிவிட்டது.

ஆனந்தவள்ளி