புளிக்குதா, துவர்க்குதா

நேற்று கொள்முதல் நிலையம் வழியாக நடந்து வந்தேன். மழையில் மாட்டிக்கொண்ட குறுவை நெல்லைச் சாலையோரம் கொட்டித் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். நம் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர் தார்ப்பாயைத் தூக்கி, "கைய உள்ள விட்டுப் பாருங்கம்மா" என்றார். முழங்கை வரை விட்டேன். சுட்டது. புழுங்கிய நெல்லின் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் அந்த மனிதரின் கஷ்டம்கூட எனக்கு மறந்துவிட்டது. உங்கள் பாட்டில்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவியும் வாடை போகவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

கப்பலில் உங்களுக்கு என்ன வேலை என்று குத்தாலத்தில் யாருக்கும் என்னால் விளங்கவைக்க முடிந்ததில்லை. சுற்றுலாக் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில், யார் என்ன சாப்பிடுகிறார்களோ அதற்குத் தோதான ஒயினை எடுத்துக் கொடுக்கிறவர் என்பேன். "பார்ல சப்ளையர்னு சொல்லேன்" என்பார்கள். நீங்கள் குடிப்பதில்லை, வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்புவதுதான் உங்கள் தொழில் என்றால் யார் நம்புவார்கள்? நானே கேட்டிருக்கிறேன், "துப்புறதுக்கா அவன் சம்பளம் குடுக்கறான்?" என்று. "முழுங்கிட்டா நாக்கு பொய் சொல்ல ஆரம்பிச்சுடும் ரீட்டா" என்பீர்கள்.

மகள் பிறந்தபோது நீங்கள் நடுக்கடலில் இருந்தீர்கள். அவள் குப்புற விழத் தொடங்கிய பிறகுதான் முகம் பார்த்தீர்கள். அந்தக் குறையை எதைக் கொண்டாவது ஈடுகட்ட வேண்டும் என்றோ என்னவோ, அவள் பிறந்த வருடத்துத் திராட்சையில் செய்த சிவப்பு ஒயினாகத் தேடித் தேடி வாங்கினீர்கள். ஒரே வருடம், வேறு வேறு ஊர்கள். அப்படி ஐந்து பாட்டில்கள் சேர்ந்தன. "அந்த வருஷம் அந்தந்த ஊர்ல என்ன வெயில் அடிச்சுது, என்ன மழை பெஞ்சுதுன்னு எல்லாம் இதுக்குள்ள இருக்கும். பாப்பா கல்யாணத்துல அஞ்சையும் ஒண்ணா தொறந்து ருசி பாக்கணும்" என்றீர்கள். அவள் பிறந்த அன்று குத்தாலத்தில் என்ன மழை என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை.

பாட்டில்களை இருட்டாக, குளிர்ச்சியாக ஓர் இடத்தில் படுக்கவைக்கச் சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டீர்கள். மாதா கோயில் பங்குச் சாமியார் வந்து போகிற வீட்டில் மது பாட்டில் கண்ணில் படுவதா என்று உங்கள் அப்பா ஐந்தையும் பத்தாயத்துக்குள் போட்டு, மேலே நெல்லைக் கொட்டிவிட்டார். அடுத்த விடுப்பில் நீங்கள் பதறிப்போய்க் கேட்டதற்கு மாமா நிதானமாகச் சொன்னார்: "வருஷக்கணக்கா பழுக்கணும்னுதானேப்பா சொன்ன? மாங்காய எதுல போட்டுப் பழுக்க வைக்கறோம்?"

நீங்கள் பத்தாயத்து மூடியைச் சாத்திவிட்டு வந்துவிட்டீர்கள். நெல்லுக்குள் போட்ட மாங்காய் எந்தச் சூட்டில் பழுக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? எடுத்துவிடலாமே என்றேன். "எடுத்தா அப்பா மனசு சங்கடப்படும். காஞ்ச நெல்லுதானே, ஒண்ணும் ஆகாது." எல்லா வருடமும் காய்ந்த நெல்லைப் பத்தாயத்தில் போட மழை நம்மை விட்டதா என்ன? மாமா போய்ச் சேர்ந்து, பத்தாயத்தைப் பிரித்தபோதுதான் பாட்டில்கள் வெளியே வந்தன. நான்கு நடு நெல்லில் கிடந்தன. ஒன்று மட்டும் எப்படியோ இறங்கி அடிப்பலகையோடு ஒட்டிக் கிடந்தது.

மகளுக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. அதற்குள் உங்கள் நாக்கின் ஓரத்தில் வந்த புண் ஆறாமல் நின்றது. தஞ்சாவூரில் சதை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, நாக்கில் பெரும்பகுதியை எடுத்தாக வேண்டும் என்றார்கள். புகையிலை உண்டா, குடி உண்டா என்று டாக்டர் கேட்டார். "இல்ல சார், துப்பிடுவேன்" என்றீர்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உடம்பு விசாரிக்க வந்த உங்கள் சித்தி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கப்பல்ல ஊத்திக்கிட்ட வாய்தானே" என்றார். அவருக்கு அன்று நான் காப்பி கொடுக்கவில்லை. இனியும் கொடுக்கப்போவதில்லை.

மஸ்கட்டில் இருந்து மகள்தான் போனில் சொன்னாள். "எனக்காக வச்சிருக்காதீங்கப்பா. நாக்கு இருக்கும்போதே தொறந்துடுங்க." சொல்லிவிட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்து வந்து, கூடத்தில் மேசை போட்டீர்கள். தஞ்சாவூரிலிருந்து உங்கள் கல்லூரிக் கூட்டாளி செல்வராஜ் வந்தார். கூத்தாநல்லூரிலிருந்து அத்தர் வியாபாரம் செய்யும் பஷீர் பாய் வந்தார். "நான் மோந்து மட்டும் பாக்கறேன். எனக்குச் சோறு போடறதே இந்த மூக்குதான்" என்றார் பஷீர் பாய். சில்வர் டம்ளரை நான் எடுத்து வர, நீங்கள் முறைத்துவிட்டு, துணி சுற்றி வைத்திருந்த கண்ணாடிக் கிளாஸ்களை எடுத்துத் துடைத்தீர்கள். நெடுநாள் கழித்து உங்கள் கை வேலை செய்த கையாகத் தெரிந்தது.

முதல் பாட்டிலில் தக்கை தூள்தூளாக உதிர்ந்தது. டீ வடிகட்டியில் வடித்தீர்கள். சமையலறை வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது, அது சிவப்பு இல்லை, புளித்தண்ணீர் நிறம். நீங்கள் வாயில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒயின் புளித்துக் காடியாகியிருந்தது, புண்ணில் அது பட்டால் வேறென்ன ஆகும்? செல்வராஜ் ஒரு வாய் குடித்துவிட்டு, "மாப்ள, நல்லாருக்குடா" என்றார். பஷீர் பாய் கிளாஸை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி, "அருமையான மணம்" என்றார். வாசனையில் பொய் சொன்னால் அவர் வியாபாரம் படுத்துவிடும். அப்படிப்பட்ட மனிதர் சொன்னார். இரண்டாவதும் காடி. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. பாட்டில் மோசமாக மோசமாக அவர்களின் பாராட்டு கூடிக்கொண்டே போனது. ஒவ்வொன்றையும் நீங்கள் சொம்பில் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் சொல்வதற்குத் தலையாட்டினீர்கள். எனக்கு அவர்கள் மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் நானாக இருந்தால் வேறென்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

ஐந்தாவது, நெல்லின் சூடு எட்டாமல் அடிப்பலகையோடு கிடந்த பாட்டில். தக்கை முழுதாக வந்தது. ஊற்றும்போதே நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். நாவல்பழச் சாறு நிறம். முகர்ந்தீர்கள். திரும்பவும் முகர்ந்தீர்கள். பிறகு வாயில் வைத்தீர்கள், முகம் சுருங்கிவிட்டது. நான்கு காடி பட்ட புண்ணில் இனி எது பட்டாலும் நெருப்புதான்.

"மூக்கு ஆமாங்குது. நாக்குக்கு ஒண்ணும் தெரியல, எரியுது" என்றீர்கள். "நீங்க சொல்லுங்கடா."

செல்வராஜ் குடித்தார். அவர் முகமே மாறியது. "மாப்ள, சத்தியமா நல்லாருக்குடா." பஷீர் பாய், "இதுதான்பா, இது அருமை" என்றார். இருவரும் அந்த ஒருமுறை உண்மையைத்தான் சொன்னார்கள்.

"இதையேதான் நாலு தடவையும் சொன்னீங்க" என்றீர்கள். கோபமாக அல்ல. கிளாஸை மேசையில் வைத்துவிட்டீர்கள். பஷீர் பாய் தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"ரீட்டா, நீ குடி."

பூசையில் சாமியார் குடிப்பதைப் பார்த்ததோடு சரி, என் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து ஒரு வாய் குடித்தேன். முகத்தைச் சுளித்தேன்.

"எனக்குப் பிடிக்கல."

"புளிக்குதா, துவர்க்குதா?"

"துவர்க்குது. நாவப்பழம் நெறைய தின்னா நாக்கு ஒட்டிக்குமே, அந்த மாதிரி."

"புளிக்கல?"

"இல்லங்க. துவர்ப்புதான். முழுங்கினப்புறம் வெத்தலக் காம்பு மாதிரி ஒரு கசப்பு. அதுக்கப்புறம் ஈர மரம் மாதிரி என்னமோ. இதுக்கா இத்தன வருஷம் பாத்துப் பாத்து வச்சீங்க?"

நீங்கள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டீர்கள். "உசுரோட இருக்கு" என்றீர்கள். "இன்னொரு வாய் குடி. மெதுவா சொல்லு." அந்தக் கிளாஸ் முழுவதையும் முகத்தைச் சுளித்துச் சுளித்துக் குடித்தேன், ஒவ்வொரு வாய்க்கும் குற்றம் சொன்னேன். சொல்லச் சொல்ல உங்கள் தொண்டை விழுங்கியது. செல்வராஜ் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார்.

பிறகு நாக்கு போனது. பேச்சும் போனது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள், அதில் கஞ்சியும் பாலும் இறங்கின. வீட்டுக்கு வந்த பிறகு நான் சாப்பிட உட்கார்ந்தால் என் எதிரில் வந்து உட்காருவீர்கள். தட்டின் விளிம்பை விரலால் தட்டுவீர்கள். நான் சொல்ல வேண்டும். "கத்திரிக்கா லேசா கசக்குது." "மீன் நேத்துப் புடிச்சது, சதை தளர்ந்துபோச்சு." நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லக் கூடாது, அதை நீங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள். சோற்றை மெல்லும்போதே வார்த்தை தேடப் பழகினேன். அதில் உங்களுக்கு ஏதோ கிடைக்கிறது என்று நம்பினேன்.

கடைசி மாதம் ஒரு மதியம், நான் ரசத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நீங்கள் கையை நீட்டி என் வாயை மூடினீர்கள். கோபமில்லை. கண்ணில் கெஞ்சல் இருந்தது. அந்தக் கை எவ்வளவு இலேசாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அதன் பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமில்லாமல் சாப்பிட்டேன். நீங்கள் கூடத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். உங்களை அடக்கம் செய்யும் வரை நம் வீட்டில் சாப்பாடு அப்படித்தான் நடந்தது.

இப்போது கூடத்தில் உட்கார்ந்தே சாப்பிடுகிறேன். முதல் கவளம் வாயில் போனதும் என்னை அறியாமல் சொல்லிவிடுகிறேன். உப்புக் கம்மி, வெந்தயம் தூக்கல், மோர் ஒரு நாள் பழசு. மகள் போனில் கேட்டுவிட்டு, "யாரும்மா இருக்காங்க?" என்றாள். யாருமில்லை என்றேன். சொல்லி முடித்ததும் அந்தக் கை வருகிறதா என்று ஒரு நொடி நிறுத்துகிறேன். வருவதில்லை. மீதியைச் சாப்பிடுகிறேன்.