குரல் இல்லாவிட்டால் மணி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறாதே என்றால் மட்டும் காது கேட்பதில்லை.

குழந்தைகளின் மூச்சைக் கவனிக்க நீ எழுதி அனுப்பிய மென்பொருளைப் போன வாரம் எங்கள் பச்சிளங்குழந்தைகள் வார்டில் நிறுவினார்கள். எங்கள் கணினி அரதப்பழசு, இணையமும் கிடையாது. ஆபத்து வந்தால் வாய்விட்டுச் சொல்லும் குரல் மாட்யூல் அதில் ஏறவே இல்லை. கணினிக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

அப்புறம் எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று, நீ கூடவே எழுதி அனுப்பியிருந்த டெஸ்டுகளை ஓட்டினார். நாற்பத்தொன்று பாஸ். ஐந்துக்கு நேரே, குரல் மாட்யூல் இல்லாததால் விட்டுவிட்டதாக வந்தது. பரீட்சைக்கே வராத பிள்ளைக்குப் பாஸ் போட்டுவிடுகிற கதையா என்று கேட்டேன். "இல்ல சிஸ்டர், அது இருந்தா நல்லது, இல்லன்னாலும் ஓடும்னு எழுதியிருக்காரு. இல்லாததை இல்லன்னு ஒளிக்காம சொல்லுது" என்றார். பிறகு ஒரு டெஸ்டைக் காட்டினார். குரல் இருக்கிற கணினியிலும் அதை வேண்டுமென்றே மறைத்துவிட்டு, மணியாவது அடிக்கிறதா என்று பார்க்குமாம். "எல்லாம் இருக்கிற மெஷின்ல உக்காந்துகிட்டு, ஒண்ணும் இல்லாத இடத்தை யாரு இப்படி நினைச்சுப் பாக்குறாங்க?" என்றார்.

புதன்கிழமை பிற்பகல் பக்கத்து அறையில் மருந்து அளந்துகொண்டிருந்தேன். மணி அடித்தது. ஓடினேன். நாலாம் இன்குபேட்டரில், ஏழு மாதத்தில் பிறந்த பெண்குழந்தை. மூச்சு நின்று உதடு நீலம் பாரித்திருந்தது. பாதத்தைத் தேய்த்தேன், முதுகைத் தடவினேன். விக்கல் போல ஒரு இழுப்பு. பிறகு அழுதாள். கையளவு உடம்பிலிருந்து அப்படி ஓர் அழுகை!

இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். அன்றைக்கு அந்தப் பழைய பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டேன். எங்கேயோ இருந்து நீ எழுதிய வரிகள், எங்கள் இல்லாமையையும் முன்கூட்டியே நினைத்துவைத்திருக்கின்றன.

குழந்தையின் அம்மா, இதை எழுதியது யார் என்று கேட்டாள். என் தம்பி என்றேன். அவருக்கு எத்தனை குழந்தைகள் என்றாள். திரையைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

உங்கள் மகன் உயிரோடிருந்த அந்தப் பதினொரு நாளும் நான் உங்கள் பக்கத்தில் இல்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன், கேட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

இந்தக் கடிதத்தை உன் மனைவிக்குப் படித்துக் காட்டு. அவளைச் சாப்பிடவை, நீயும் சாப்பிடு. முடிந்தால் இரண்டு பேருமாக வாருங்கள். நாலாம் நம்பர் குட்டி வீட்டுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நீங்கள் ஒரு தடவை தூக்கிக்கொள்ளலாமா என்று அவள் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். சரி என்றாள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா