உன் காருக்குப் பெரிய எஞ்சின் போட்டுவிட்டோம்

என் அன்புக் குகன், எங்கே இருந்தாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேள்,

உன் சிவப்புக் காரில் இப்போது ஆறு சிலிண்டர் எஞ்சின் ஓடுகிறது. போட்டது நான்தான். பன்னிரண்டு வருடமாக 'மாட்டேன்' என்று சொன்ன அதே ஜெயம்.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பாமல் ஒரு வருடம் கழிந்த பின்தான், உன் மனுசி சுபா தோட்டத்துக் கொட்டிலைத் திறந்தாள். அன்று காலை பிளேஸ்டோவில் என் கராஜில் ஒரு டாக்சிக்கு அடியில் கிடந்தேன். போன் அடித்தது.

"ஜெயம் அண்ணை, இவர் என்ரை புதுப் போர்வையிலை எதையோ சுத்தி வைச்சிருக்கிறார். அசைக்கவே ஏலாமல் கிடக்கு. ஒருக்கா எங்கடை ஸ்ட்ரெதம் வீட்டுக்கு வாங்கோ."

போய்ப் போர்வையை விலக்கினேன். மூவாயிரம் சிசி எஞ்சின்! கியர்பொக்ஸும் சேர்த்து. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் எப்போதடா வாங்கினாய்? அந்தப் பாரத்தை யாரைப் பிடித்துத் தூக்குவித்தாய்?

முப்பது வருடத்துக்கு முன் ஜப்பானில், சின்ன எஞ்சினுக்கென்றே எடை பார்த்துச் செய்த கார் அது. எஞ்சினை மாற்றுவது பாவம் என்று நான் சொல்வேன். "மேட்டிலை ஏறேக்கை இருமுது மச்சான்" என்று நீ சொல்வாய். அதற்காக ஒரு மாதம் பேசாமல்கூட இருந்தோம். அந்த ஒரு மாதம் இப்போது வலிக்கிறது.

காரையும் எஞ்சினையும் விற்றுத் தருகிறேன் என்றேன். சுபா எஞ்சினைச் சுற்றி ஒருதரம் நடந்தாள்.

"விக்க வேண்டாம். போடுங்கோ."

"தங்கச்சி, அந்தக் காருக்கு இது பொருந்தாது."

"பொருந்துமோ இல்லையோ எண்டு அவருக்குத்தான் தெரியாமல் போச்சு. எனக்காவது தெரியட்டும்."

காரையும் எஞ்சினையும் என் கராஜுக்கு ஏற்றிப் போனேன்.

ஏழு மாதம், ஒவ்வொரு ஞாயிறும். எஞ்சினைத் தாங்கும் இரும்புகளைப் புதிதாக வெட்டி ஒட்டினேன். பிரேக்கையும் பெரிதாக்கினேன்; ஓடுகிற வேகத்தை நிறுத்தவும் வேண்டுமே. சுபா கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு வயருக்கும் பெயர் எழுதி ஒட்டினாள். எல்லாம் முடிந்து, எஞ்சினை மூடும் பொனற்றை இறக்கினால், மூட மறுத்தது. இரண்டு விரல் உயரம் இடித்தது. "நான் அப்பவே சொன்னனான்" என்று ஸ்பானரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

"பொனற்றை வெட்டினால் என்ன?" என்றாள்.

"வெட்டுறதோ? முப்பது வருசத்துப் பொனற்!"

"அண்ணை, அவர் இருந்திருந்தால் இதுக்கிடையிலை வெட்டி முடிச்சிருப்பார்."

சிரித்துவிட்டேன் மச்சான். நீ வெட்டியிருப்பாய், அதுவும் கோணலாக. நான் நேராக வெட்டி, அதன் மேல் சற்று உயர்ந்த தகடு ஒன்றைப் பொருத்தினேன்.

காப்புறுதி, பதிவு, சோதனை எல்லாம் முடித்துப் போன ஞாயிறு பிரைட்டன் போகும் வீதியில் காரை எடுத்தோம். ஓட்டியது சுபா. நீ முப்பது மைலைத் தாண்டினாலே கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தவள்! நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் காலை அழுத்தினாள். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. "சுபா, மெல்லமா!" என்று கத்தினேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நீ போன பின் அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

கார் கெட்டுப்போகவில்லை. வளைவில் அடக்கமாகத் திரும்பியது. மேட்டில் மூச்சே வாங்காமல் ஏறியது. நீ சொன்னதுதான் சரி. இதை உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம், இல்லையா?

இன்னொரு செய்தி. அடுத்த மாதம் ஒரு பந்தயத் திடலில், யாரும் தங்கள் காரைக் கொண்டுபோய் ஆசைதீர ஓட்டலாமாம். சுபா பெயர் கொடுத்துவிட்டாள். பக்கத்து ஆசனத்துக்கு என் பெயரையும், என்னைக் கேட்காமலே. இப்போதே தடித்த ஹெல்மெட் ஒன்றைத் தேடத் தொடங்கிவிட்டேன். ஆனாலும் உனக்கு வாக்குத் தருகிறேன்: எத்தனை சுற்றுப் போனாலும் இறங்க மாட்டேன். கண்ணை மட்டும் மூடிக்கொள்ள விடு.

என்றும் உன் மச்சான்,
ஜெயம்