நேரத்துக்கு வந்த சாப்பாடு

18.11.1994, வெள்ளி
மிச்சம், லண்டன்

மதியச் சாப்பாடு இன்றும் சரியாகப் பன்னிரண்டுக்கு வந்தது. வயதானவர்களுக்கு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் இந்த வேலையைக் கவுன்சில் ஒரு தனியார் கொம்பனிக்குக் கொடுத்த பிறகு ஒருநாளும் பிந்தவில்லை. வெள்ளிக்கு மரக்கறியும் மறக்கவில்லை. கொண்டுவருகிறவர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்.

"இருந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்," என்றேன்.

"ஏலாது அண்ணை, இன்னும் பதினெட்டு வீடு கிடக்கு." வாசலோடு திரும்பிவிட்டார்.

கவுன்சில் காலத்தில் டோரின் என்ற வெள்ளைக்காரி கொண்டுவருவாள். ஒரு மணித்தியாலம் பிந்தும். சாப்பாடு ஆறியிருக்கும். ஆனால் நான் சாப்பிட்டு முடியும்வரை எதிரில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருப்பாள். அவள் பிந்துவதாகக் கவுன்சிலுக்கு மூன்று கடிதம் போட்டவன் நான்தான்.

எனக்கு முந்திய வீடுகளிலும் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாள் என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

அவள் மறுபடி பிந்தி வரவேண்டும் என்று இனி யாருக்கு எழுதுவது?