எந்தக் கூடை தீட்டு என்று கேட்டேன்

என் செல்லத் தங்கச்சி வசந்திக்கு,

போன வருஷம் சந்திரகிரி வளைவில் நீ வந்த ஆட்டோவின் மேல் லாரி ஏறி நீ செத்துப்போனாய். அதற்குப் பிறகு, உன் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை மூடச் சொல்லி மற்ற மாங்காய் மண்டிக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். நான் மூடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

ஊர் என்ன பேசுகிறது தெரியுமா? வீட்டுக்குத் தூரமான பெண்களை மாம்பழம் பழுக்கும் கொட்டகைக்குள் விட்டாயாம், அதனால்தான் உனக்கு அந்தச் சாவு வந்ததாம். பிரேக் பிடிக்காத லாரிக்கு யார் தலைக்குக் குளித்தாள், யார் குளிக்கவில்லை என்று எப்படித் தெரியும்? உன் கருமாதிச் சோற்றைத் தின்ற வாய்தான் இதைச் சொன்னது. எனக்கு அழுகை வரவில்லை வசந்தி, ஆத்திரம்தான் வந்தது.

உனக்கு நினைவிருக்கிறதா, திருப்பதிக் காலேஜில் வாரமெல்லாம் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்துவிட்டு, ஞாயிறானால் பஸ் ஏறி பங்காருபாளையத்துக்கு என் மண்டிக்கு வந்துவிடுவாய். "இங்க ஸ்கூல்ல லேப் ரூமை பூட்டி வச்சிருக்காங்கக்கா. பொண்ணுங்க தூர நின்னு பாத்துட்டுப் போவுதுங்க. உன் கொட்டாயில பூட்டு இல்லியே" என்றாய். பெண்பிள்ளை தனியாக வரக்கூடாது, வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்று சட்டம் வேறு போட்டாய். எனக்கு அப்போது புரியவில்லை. மஞ்சள் தடவிய காகிதம் சோப்புத் தண்ணீரில் சிவந்தபோது மகளோடு வந்த முனியம்மாதான் மகளைவிட அதிகமாகக் கத்தினாள். வீட்டிலும் செய்து பார்த்து, மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினாளாம். அன்றைக்குப் புரிந்தது.

அந்த முனியம்மாவின் மகள் பவானிதான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டவள். ஒரு ஞாயிறு கொட்டகைக்குள் வராமல் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். உள்ளே வைக்கோலில் பேனிஷா மாங்காய் பழுத்துக்கொண்டிருந்தது. தூரமான நாளில் பெண் உள்ளே போனால் பழம் அழுகும் என்பது நம் மண்டிகளின் வழக்கம். நான்கூட, சொந்த மண்டி வைத்த பிறகும், மாதத்தில் மூன்று நாள் ரோட்டில் நின்று கத்தித்தான் வியாபாரம் பண்ணினேன்.

நீ அவளைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. "பழம் அழுவுமா அழுவாதான்னு பாத்துட்டா போச்சு" என்றாய்.

ஒரே மரத்துக் காய், ஒரே நாள் பறிப்பு. பெண்களும் தாய்மார்களும் ஆளுக்கொரு கூடை அடுக்கினார்கள். அந்த நாளில் இருப்பவள் கூடையின் அடியில் சிவப்பு நூலும், இல்லாதவள் வெள்ளை நூலும் போட வேண்டும். வைக்கோல் மூடிவிட்டால் யாருடையது எது என்று யாருக்கும் தெரியாது. "என் சரக்குதான் உனக்குக் கிடைச்சுதாடி?" என்று நான் கத்தினேன். நீ சிரித்தாய்.

அடுத்த ஞாயிறு குடும்பம் குடும்பமாக வந்து கூடைகளைப் பிரித்தார்கள். சிவப்பு நூல் கூடையிலும் அழுகல் இருந்தது, வெள்ளையிலும் இருந்தது. அழுகிய பழங்களை எல்லாம் ஒரு பக்கமாகக் கொட்டச் சொன்னாய். பார்த்தால், அத்தனையும் காம்பு ஒடிந்து, மேலே பால் வழிந்த காய்கள். பவானிதான் முதலில் கண்டுபிடித்தாள். மறுநாளே பறிக்கிற ஆட்களிடம் காம்போடு வெட்டச் சொன்னேன். வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்?

இப்போதைய சேதிக்கு வருகிறேன். பவானி திருப்பதியில் பி.எஸ்சி. படிக்கிறாள். உன் வகுப்பை அவளும் முனியம்மாவும்தான் நடத்துகிறார்கள். புதிதாக வருகிற குடும்பங்கள் நம்புவதில்லை என்பதால் இந்த சீசனிலும் நூல் போட்டுப் பார்க்கிறார்கள். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து இரண்டு குடும்பம் நின்றுவிட்டது. அது வலிக்கத்தான் செய்கிறது. பவானியின் அப்பா குவைத்திலிருந்து போன் பண்ணி, "அந்தக் கொட்டாய்க்கு பொண்ண அனுப்பாத" என்று கத்தினார். முனியம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "நீ அங்க ஒட்டகத்த பாத்துக்கினு இரு. பொண்ண நான் பாத்துக்கறேன்."

பெங்களூரில் ஏசி போட்ட பழக்கடைகள் வந்திருக்கின்றன. அவற்றுக்குச் சரக்கு எடுக்கும் ஏஜெண்ட் முரளிதான் இப்போது என் பெரிய கிராக்கி. அவர் எடுக்கவில்லை என்றால் இந்த சீசன் எனக்குப் படுத்துவிடும். மண்டிக்காரர்கள் அவர் காதில் ஓதிவிட்டார்கள். போன வாரம் அவர் லாரியோடு வந்து கேட்டிலேயே நின்றுகொண்டார். பின்னாலேயே வந்த மண்டிச் சங்கத்துப் பெரியவர் ஒருவர் தெலுங்கில், "வத்தம்மா, மனக்கெந்துக்கு?" என்றார். வேண்டாம், நமக்கெதுக்கு என்கிறாராம்.

"பாக்கியக்கா, கிளாஸை நிறுத்திடுங்க. சரக்கு எடுத்துக்கறேன். தீட்டுப் பழம்னு பேர் வந்தா என் பொழப்பு போயிடும்" என்றார் முரளி.

உள்ளே வரிசையாகக் கூடைகள் இருந்தன. பெண்கள் அடுக்கியவை, நம் கூலியாட்கள் அடுக்கியவை எல்லாம் கலந்து.

"சரி சார். எது தீட்டுக் கூடைன்னு காட்டுங்க. அத மட்டும் மாட்டுக்குப் போட்டுடறேன்" என்றேன்.

மனிதர் வரிசையெல்லாம் நடந்தார். வைக்கோலை விலக்கி முகர்ந்தார். கடைசியில் ஒரு கூடையைக் காட்டி, "இதுல ஏதோ ஒரு வாடை வருதுக்கா" என்றார்.

மூட்டை தூக்கும் கோவிந்தன் தலையைச் சொறிந்தான். "அத நான்தான்க்கா அடுக்கனேன்."

"டேய் கோவிந்தா, உனக்கு எப்போடா தூரம்?" என்று முனியம்மா கேட்டாள். கொட்டகையே சிரித்தது. பவானி சிரிக்கவில்லை. அவள் முரளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் பார்வை அது.

முரளி ஒன்றும் மனம் மாறிவிடவில்லை. "எங்க வீட்லயும் ஒதுங்கித்தான் ஒக்காருவாங்கக்கா. நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்குதே" என்றார்.

"உங்க வீட்டுக் கதைய உங்க வீட்ல பேசிக்குங்க. கறை இல்லாம, காம்போட இத்தினி பேனிஷா வேற எந்த மண்டில கிடைக்குதோ போய் எடுத்துக்குங்க. லாரி நிக்குது பாருங்க" என்றேன்.

அவர் போனார். நான்கு மண்டி ஏறி இறங்கினார். அந்த நேரம் எண்ணிய கூடைகளையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன், உனக்கு மட்டும் சொல்கிறேன். நீ இருந்திருந்தால் என் கையைப் பிடித்திருப்பாயா, இல்லை வழக்கம்போல் சிரித்திருப்பாயா? பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்தார்.

மற்ற மண்டிகளில் கையைத் துண்டால் மூடி, அதற்குள்ளே விரல் பிடித்துப் பேரம் முடிப்பார்கள். பொம்பளை கையை எவன் துண்டுக்குள் விடுவான்? அதனால் என் பேச்சு எப்போதும் வெளிப்படை. அன்றைக்கும் எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகத்தான் முடித்தேன். நான் உயிரோடு இருக்கிறவரை இதில் ஒரு வார்த்தையும் குறையாது வசந்தி, இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

முடிந்த பேச்சு இதுதான்: சீசன் முடிகிறவரை என் பேனிஷா முழுவதும் முரளிக்கு. காம்பு ஒடிந்த காயை அவர் தள்ளலாம், வேறு காரணம் சொல்லித் தள்ளக்கூடாது. தரம் பிரிக்கும் வேலை முனியம்மாவுக்கும் வகுப்புக்கு வரும் தாய்மார்களுக்கும். மாதத்தில் எந்த நாள் என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. ஞாயிறு மதியத்திலிருந்து இருட்டுகிறவரை கொட்டகை பெண்பிள்ளைகளுக்கு. அந்த நேரத்தில் லாரி வந்தால், லாரிதான் வெளியே நிற்க வேண்டும்.

உன் கூடப்பிறந்த அக்கா,
பாக்கியம்